முப்பத்தொன்றாம் வீட்டின் வியாழக்கிழமைகள்

“குன்னெல், கம்ப்யூட்டர்ல பேர் இல்லாதவங்க எல்லாம் எங்க தூங்குவாங்க?” என்று ஆறு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள். சரியாகச் சொன்னால் இரண்டு முறை கேட்டாள். முதல் முறை கேட்டபோது அவளுக்கு நல்ல பதிலாக ஒன்றைக் கொடுக்க என்னால் முடிந்தது. இரண்டாவது முறை கேட்டதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

அன்புள்ள பெத்ரா, திங்கட்கிழமை நீங்கள் அனுப்பிய செய்தியில் கேட்டிருந்தது மிகச் சிறிய விஷயம். நம் கட்டடத்துச் சலவை அறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழன் காலை பத்து முதல் ஒரு மணிவரை ‘பராமரிப்பு’ என்று காட்டுகிறது. பிப்ரவரி கடைசியிலிருந்து இப்படித்தான். குடியிருப்பவர்கள் மூன்று பேர் புகார் சொல்லியிருக்கிறார்கள். என்ன பழுது, இயந்திரக்காரரை வரச்சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பழுது எதுவும் இல்லை. இந்த ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்தக் கட்டடத்தை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் நீங்கள். ஒரு நேரம் ஏன் அடைத்து வைக்கப்பட்டது என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. காபி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரம் இருக்கிறது.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இந்த முப்பத்தாறு வீடுகளின் பொறுப்பாளராக நான் வெத்லண்டாவுக்கு வந்தபோது அலுவலகத்தில் இருந்தவை ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் வீட்டுக்கு ஓர் அட்டை. ஒப்பந்தத்தில் உள்ளதைப் பேனாவால் எழுதுவேன்: பெயர், தேதி, சாவிகள் எத்தனை. நானே பார்த்துத் தெரிந்துகொண்டதைப் பென்சிலால் எழுதுவேன். ‘பூனை உண்டு, நான் பார்க்கவில்லை.’ ‘காலையில் இவரிடம் பேசாதே.’ ‘மகன் இறந்தது நவம்பரில், அந்த மாதம் நினைவூட்டல் கடிதம் அனுப்பாதே.’ சிறிய அன்புகளில்தான் எனக்கு நம்பிக்கை. பெரிய காரியங்களை ஆண்டவர் பார்த்துக்கொள்கிறார். படியில் உறைந்த பனிமேல் மணல் தூவுவதை நாம்தான் செய்ய வேண்டும்.

முப்பத்தொன்றாம் வீட்டு அட்டையில் பேனாவால் இருந்த பெயர் மைலிஸ் ஹெடின். அதன் கீழே பென்சிலால் ‘ஹெல்கேயும்’ என்று எழுதியிருந்தேன்.

மைலிஸ் விதவை. ஹெல்கே மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் ஒரு பெட்டியோடும் இரண்டு நாற்காலிகளோடும் அவள் வீட்டுக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டால் மைலிஸின் விதவை ஓய்வூதியம் நின்றுபோகும். ஒரே வீட்டில் இருப்பது எழுத்தில் வந்தாலே நின்றுவிடுமோ என்று அவள் வீணாகப் பயந்தாள். அதனால் ஊர்ப் பதிவில் ஹெல்கேயின் முகவரி கடைசிவரை அவருடைய அண்ணன் பண்ணையாகவே இருந்தது. திருச்சபையில் வளர்ந்தவள் நான். கல்யாணமில்லாமல் ஒரு கூரையின் கீழ் இருப்பதைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளில் அவர்களிடம் ஒரு சொல் சொன்னதில்லை. அவர்களுக்காக ஜெபித்தேன். அவர்களை மன்னித்தும் விட்டிருந்தேன்.

ஹெல்கேயைக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது சலவை அறையால்தான். அப்போது நிலவறைக் கதவில் வாரத்துக்கு ஒரு தாள் தொங்கும், பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. யாருக்கு எந்த நேரம் வேண்டுமோ அதில் வீட்டு எண்ணை எழுதிக்கொள்வார்கள். அதைச் சுற்றித்தான் இந்தக் கட்டடத்தின் சண்டைகள் எல்லாம். ‘வடிகட்டியில் இருக்கும் பஞ்சு தானாக எழுந்து வெளியே போகாது. இப்படிக்கு, இரண்டாம் மாடி.’ அதன் கீழே: ‘இரண்டாம் மாடியின் காலுறை ஒன்று என்னிடம் உள்ளது. மரியாதையாகக் கேட்டால் தருவேன்.’ நேரில் பார்த்தால் இவர்கள் தலையை அசைத்துவிட்டுப் போவார்கள். சண்டை பெரிதானால் யார் எப்போது அறையில் இருந்தார்கள் என்று காட்டுவதற்காக அந்தத் தாள்களை ஒன்று விடாமல் கோப்பில் போட்டு வைத்தேன். இருபத்தேழு கோப்புகள். நீங்களே ஒருமுறை பார்த்துச் சிரித்தீர்கள்.

“இத எதுக்குச் சேத்து வச்சிருக்கீங்க குன்னெல்? மியூசியத்துக்கா?”

“யாராவது கேப்பாங்க.”

“நூறு வருஷத்துக்கு முன்னாடி வெத்லண்டாவுல யாரு எப்போ ஜட்டி தொவைச்சாங்கன்னா?”

ஹெல்கே அந்தத் தாள்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழன் பத்து மணிக் கட்டத்தில், தச்சர்கள் பலகையில் குறிப்பதுபோல் சதுர சதுரமான எழுத்தில் ‘31 ஹெ’ என்று எழுதுவார். துவைப்பதைவிட அவருக்குப் பிடித்தது, படுக்கை விரிப்பை உருளைக்கு நடுவே விட்டுத் தட்டையாக்கும் அந்தப் பழைய மாங்கெல். அவர் மடித்து வைத்த விரிப்பைக் கடையில் விற்கலாம் போலிருக்கும்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் நீங்கள் புதிய முறையைக் கொண்டுவந்தீர்கள். எல்லாம் கணினியில்: ஒப்பந்தம், பழுதுக் குறிப்பு, சாவி, சலவை முன்பதிவு. பொது அறைகளுக்குச் சாவிக்குப் பதில் நீல வில்லை. கதவருகே காட்டினால் திறக்கும், யார் எப்போது காட்டினார்கள் என்று என் திரையில் ஒரு வரி விழும். நான் எதிர்த்தேன். நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து நின்று, பென்சிலுக்கு இதில் இடம் எங்கே என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கேள்வி பின்னால் எனக்கு எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. காகிதத்துக்காக வாதாடிய கிழவி காகிதத்தை அழித்திருப்பாள் என்று யாருக்கும் தோன்றாது இல்லையா.

அந்த முறையை விற்ற நிறுவனம் ஒரு கையேடு கொடுத்தது. பன்னிரண்டு வகை ஆவணங்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும். மற்றவை ஜூன் பன்னிரண்டாம் தேதி வரும் அழிப்பு வண்டிக்குப் போகும். பெயர்க் கட்டத்தில் ‘உறுதி செய்யப்பட்ட தகவல் மட்டும்’ என்று இருந்தது. நான் கையேட்டின்படி செய்தேன். பேனாவை ஏற்றினேன், பென்சிலை விட்டேன். பெரும்பாலும். பூனைகளை மட்டும் ‘பிற’ என்பதன் கீழ் சேர்த்துவிட்டேன். பூனைகளுக்கு நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் திருச்சபை மண்டபத்தின் கீழறையில், மடக்கு நாற்காலிகள் அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், செலாமும் அவள் மகள் லீடியாவும் தங்கியிருந்தார்கள். செலாம் எரித்திரியாவிலிருந்து வந்தவள்; பள்ளியில் துப்புரவு வேலை. ஞாயிறு பள்ளி முடிந்ததும் நான் அவர்களுக்கு இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுபோய்க் கொடுப்பேன். நகராட்சியின் வீட்டு வரிசையும் அந்த மாதம் கணினிக்கு மாறியிருந்தது. செலாம் கைப்பேசியில் எனக்குக் காட்டினாள்: இருநூற்றுப் பதினான்காம் இடம். லீடியா எட்டிப் பார்த்தாள்.

“அம்மா பேரு எங்க இருக்கு?”

“பேரு இல்ல கண்ணு, நம்பர்தான் இருக்கு.”

“என் பேரு?”

“உன் பேரு இதுல இல்ல.”

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவள் தூங்குவது நான்கு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்ட மெத்தையில். அதைக் கேட்டுவிட்டு யார்தான் நிம்மதியாகச் சாப்பிட முடியும். அன்று இரவு ஜெபத்தில் பதிலைக் கேட்டேன். நம் விதிகளில் ஒரு பிரிவு உண்டு, உங்களுக்கும் தெரியும்: வீடு காலியாக இருந்தால், அவசரத் தேவையுள்ள ஒரு குடும்பத்துக்கு, வரிசையைப் பாராமல், பொறுப்பாளர் ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்கலாம். காலியாக இருந்தால்.

ஏப்ரலில் மைலிஸ் இறந்தாள்.

மே மாதம் ஹெல்கே அலுவலகத்துக்கு வந்தார். எண்பது முடிந்தவர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், உட்காரச் சொன்னபிறகும்.

“குன்னெல், வீட்ட என் பேருக்கு மாத்தணும். கூட வாழ்ந்தவருக்கு உரிமை இருக்காமே, குடியிருப்போர் சங்கத்துல சொன்னாங்க.”

“இருக்கு ஹெல்கே. ஆனா கூட வாழ்ந்தீங்கன்னு காட்டணும். நீ பதிவுல பண்ணையில இருக்க.”

“அட, நீதான் பார்த்தியே.”

“நான் பார்த்தது பத்தாது. தாள் கேப்பாங்க.”

அவர் தொப்பியை மேசைமேல் வைத்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“சலவைத் தாளு. எல்லாம் என் கையெழுத்துதானே. மைலிஸ் ஒரு தடவ கூட எழுதுனதில்ல, கீழ எறங்குனா முட்டி வலிக்கும்னுவா. விருந்தாளி எவனாவது இருபத்தஞ்சு வருஷம் வந்து விரிப்பு தொவைப்பானா? நீதான் ஒண்ணையும் தூக்கிப் போட மாட்டியே.”

“பாக்கறேன்” என்றேன்.

அவர் சொன்னது சட்டப்படியும் சரி. நான் உங்களைக் கேட்டேன், நினைவிருக்கும். “ஆதாரம் ஏதாவது ஒண்ணு இருந்தா போதும் குன்னெல், கொடுத்துடலாம், பாவம்” என்றீர்கள். ஆக எல்லாமே நிலவறையில் இருந்த இருபத்தேழு கோப்புகளில் இருந்தது. அவை இருந்தால் ஹெல்கேக்கு வீடு. இல்லையென்றால் வீடு காலி.

நான் அவசரப்படவில்லை. ஜூன் பத்தாம் தேதி மதியம் கீழே போய், நாற்காலி போட்டு உட்கார்ந்து, கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். இருந்தது. ஒரு வருடமும் விடாமல் இருந்தது. ‘31 ஹெ’, ‘31 ஹெ’, ‘31 ஹெ’. நான்காவது கோப்பில் கை நின்றது. ஒரு குளிர்காலம் முழுவதும், அக்டோபர் முதல் ஏப்ரல்வரை, அந்த வியாழன் கட்டத்தில் ‘31 ஹெ’ கோடு போட்டு அடிக்கப்பட்டு, அதே சதுர எழுத்தில் ‘குன்னெல்’ என்று எழுதியிருந்தது.

அது என் கணவர் பெர்டில் வயிற்றில் கட்டியோடு படுத்திருந்த குளிர்காலம். நாளுக்கு மூன்று விரிப்புகள் மாற்ற வேண்டியிருந்தது. எனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. பொறுப்பாளர் கூடுதல் நேரம் எடுத்தால் பேச்சு வரும். ஒருநாள் ஹெல்கே படியில் என்னை நிறுத்தி, “வியாழக்கிழமைல நாங்க ஊர்ல இருக்க மாட்டோம் குன்னெல், அந்த நேரம் சும்மாதான் கெடக்கும், எடுத்துக்கோ” என்றார். எடுத்துக்கொண்டேன். அவர்கள் ஊரில்தான் இருந்தார்கள். குளியல் தொட்டியில் துவைத்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் மைலிஸின் கைகள் சிவந்து வெடித்திருந்ததைப் பார்த்தேன். எதனால் என்று நான் கேட்கவில்லை. ஏப்ரலில் பெர்டில் போனபிறகு அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு ஜாடி கிரான்பெர்ரி ஜாம் தொங்கவிட்டேன். அதற்குமேல் இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. இங்கே அப்படித்தான்.

தாள்களை எண்ணினேன். பதினான்கு வியாழக்கிழமைகள். ஒரு கடன் இப்படி எழுத்தில் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன், பெத்ரா. அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு கோப்புகளை வண்டியில் அடுக்கினேன்.

நான் நினைத்தது இதுதான். ஹெல்கேக்குப் போக இடம் இருக்கிறது. பண்ணையில் அண்ணன் மகன் இருக்கிறான், அடுப்பு வைத்த அறை இருக்கிறது. லீடியாவுக்கு நான்கு நாற்காலிகள் இருக்கின்றன. இரண்டு அன்புகளில் பெரிய அன்பு எது என்று எடைபோட்டுப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அத்தோடு, கையேட்டின் பன்னிரண்டு வகைகளில் சலவைத் தாள் இல்லை. அதை நான் மூன்று முறை சரிபார்த்தேன்.

பன்னிரண்டாம் தேதி வண்டி வந்தது. நீங்கள் இளவரசிக் கேக் வாங்கி வந்திருந்தீர்கள், மேலே மர்சிபன் என்ற பச்சைப் பாதாம் மாவு போட்டது.

“குன்னெல் கம்ப்யூட்டரக் கடிச்சே வைப்பாங்கன்னு நெனச்சோம். இப்போ பாருங்க, எல்லாருக்கும் முன்னாடி முடிச்சுட்டாங்க” என்றீர்கள். பிறகு வண்டியைக் காட்டி, “வச்சுக்க வேண்டியது வேற ஏதாவது இருக்கா?” என்று கேட்டீர்கள்.

“இல்ல” என்றேன். கேக் நன்றாக இருந்தது.

செப்டம்பரில் வாடகை நடுவர் மன்றத்தில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். ஹெல்கே கோட்டு போட்டு வந்திருந்தார். முப்பத்திரண்டாம் வீட்டு யூனாஸையும் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று ஆண்டுகளாக எதிர்க்கதவு.

“படில பாத்திருக்கேன்” என்றான் யூனாஸ். “அங்கயே இருக்காரா, வந்து வந்து போறாரான்னு கேட்டதில்ல. அதெல்லாம் ஒருத்தர்கிட்ட கேக்கலாமா?”

மூவரும் தலையசைத்தார்கள். கேட்கக் கூடாதுதான்.

என்னிடம் கேட்டார்கள். நான் கணினியிலிருந்து எடுத்த தாளைக் கொடுத்தேன். முப்பத்தொன்றாம் வீடு: ஒரு பெயர். அதில் பொய் எதுவும் இல்லை. சலவைத் தாள்கள் எங்கே என்றார்கள். “புது முறைக்கு மாறும்போது வரல” என்றேன். அதிலும் பொய் இல்லை. அவர்களில் ஒருவர் பெருமூச்சு விட்டு, தன்னுடைய பல் மருத்துவக் கோப்பு முழுவதும் இப்படித்தான் காணாமல் போனது, இப்போது கணினியின்படி தனக்குப் பல்லே இல்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹெல்கேயும் சிரித்தார். ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு கதை இருக்கிறது. ஓர் இயந்திரத்தின் மேல் பழி போடுவதில் உள்ள நன்மை, அதற்கு மனம் புண்படாது என்பதுதான். நான் யாருக்கும் கெட்ட பெயர் வாங்கித் தரவில்லை.

வெளியே நடைவழியில் ஹெல்கே என் தோளைத் தொட்டார்.

“மனசு கஷ்டப்படாத குன்னெல். உன் தப்பு இல்ல. நீ இருந்தவரைக்கும் ஒரு தாளு தொலைஞ்சதில்ல. இந்த மெஷினுங்க வந்துதான்.”

அவர் நல்ல மனிதர். அதை நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி வீட்டைக் கூட்டிப் பெருக்கிச் சாவிகளைக் கொடுத்தார். நீல வில்லையைத் திருப்பித் தர மறந்துவிட்டார். நான் கேட்கவில்லை, திரையில் அதைச் செயலிழக்க வைத்தேன், பகல் பன்னிரண்டு மணிக்கு. நவம்பர் முதல் வாரத்தில் செலாமும் லீடியாவும் குடிவந்தார்கள். லீடியா தன் படுக்கையில் ஏறிக் குதித்ததை நீங்களும் பார்த்தீர்கள். உங்கள் கண் கலங்கியது. அவர்கள் பெயர்களை நானே கணினியில் ஏற்றினேன், இருவர் பெயரையும். குழந்தையைத் திரைக்கு முன் நிறுத்தி அவள் பெயரைக் காட்டினேன். அவளுடைய முதல் கேள்விக்கு அதுதான் என் பதில்.

நவம்பர் ஒன்பதாம் தேதி, வியாழன், காலை 9.58. என் திரையில் ஒரு சிவப்பு வரி விழுந்தது: ‘சலவை அறை. வீடு 31, பழைய வில்லை. அனுமதி மறுக்கப்பட்டது.’ இருபத்துமூன்றாம் தேதி மறுபடியும். டிசம்பரில் ஒருமுறை வாசலில் அவரைப் பிடித்தேன். பெரிய நீலப் பையோடு நின்றார்.

“ஹெல்கே, நீ இப்போ இங்க குடியில்ல.”

“தெரியுமே. நான் என்ன பைத்தியமா.” பையைத் திறந்து காட்டினார், மைலிஸின் விரிப்புகள், ஓரத்தில் அவள் பின்னிய எழுத்தோடு. “பண்ணையில தொவைக்கிற மெஷின் இருக்கு. மாங்கெல் இல்ல. சுருங்கிப் போயி கெடக்கு பாரு. அவ பாத்தா என்ன சொல்லுவா?”

“முன்பதிவு செஞ்சவங்களுக்குத்தான் கதவு தெறக்கும்.”

“சரி, எனக்கு ஒண்ணு போட்டுக் கொடேன்.”

“உன் பேரு அதுல இல்லையே.”

அவர் பையை மூடினார். “ஆமா” என்றார். “வியாழக்கிழமையாச்சேன்னு வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நடந்தார். பண்ணைக்குப் போகும் பேருந்து 12.05-க்குத்தான். நிழற்குடைக்கு மூன்று பக்கம் கண்ணாடி, நான்காவது பக்கம் எதுவும் இல்லை.

நான் ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். என் மேசையில் ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். ஆனால் திறந்தால் அது எழுத்தில் விழும்: வியாழன், பத்து மணி, ஹெல்கே. ஒருமுறை எழுத்தில் விழுந்துவிட்டால் அதை யாராவது எடுத்துக் காட்டலாம். மேல்முறையீட்டுக்கான காலம் அப்போதே முடிந்துவிட்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது.

பிப்ரவரி முதல் வியாழன். வெளியே உறைநிலைக்குக் கீழே பதினேழு பாகை. 9.58-க்கு முதல் வரி. பிறகு 10.01. 10.03. முன்பெல்லாம் இரண்டு அல்லது மூன்று முறை காட்டிவிட்டுப் போய்விடுவார். அன்று 10.40-க்குள் பதினொரு வரிகள் வந்தன. சலவை அறை வாசல் என் ஜன்னலிலிருந்து இருபது அடி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லீடியாவுக்கு அன்று சளி, பள்ளிக்குப் போகவில்லை. காலுறையோடு அலுவலகத்துக்கு வந்தாள்.

“குன்னெல், கீழ கதவுகிட்ட ஒரு தாத்தா நிக்கிறாரு. வில்லைய வச்சு வச்சு பாக்கறாரு. தெறக்கவே மாட்டேங்குது.”

“தெரியும்.”

“அவரு பேரு கம்ப்யூட்டர்ல இல்லையா?”

“இல்ல.”

“கம்ப்யூட்டர்ல பேர் இல்லாதவங்க எல்லாம் எங்க தூங்குவாங்க?” அதே கேள்வி, ஒரு சொல் மாறாமல். பிறகு கழுத்தில் கட்டியிருந்த தன் நீல வில்லையை எடுத்துக் காட்டினாள். “என்னோடதால தெறந்து விடட்டுமா? உள்ள சூடா இருக்கும்.”

“வேண்டாம் கண்ணு” என்றேன். “ஒருத்தரோட வில்லையால இன்னொருத்தருக்குத் தெறக்கக் கூடாது. அது விதி.”

அவள் என்னை நம்பினாள். குழந்தைகள் நம்மை நம்புவது பெரிய பொறுப்பு. அவளுக்கு வெந்நீரில் தேன் கலந்து கொடுத்து மேலே அனுப்பினேன்.

பத்து நிமிடம் தாமதமாகப் பன்னிரண்டே காலுக்கு வந்த பேருந்தின் ஓட்டுநர்தான் அவரை நிழற்குடையில் கண்டெடுத்தார். பையை மடியில் வைத்து, விரிப்பு ஒன்றைத் தோளில் போர்த்தி உட்கார்ந்திருந்தாராம். மருத்துவமனையில் எட்டு நாள் இருந்தார். நுரையீரல் என்றார்கள், வயது என்றார்கள். இரண்டும் உண்மை. அடக்கம் முடிந்து நடந்த விருந்துக்குக் காபியும் ஏழு வகை பிஸ்கட்டும் நான்தான் செய்தேன். அண்ணன் மகன் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, “சித்தப்பாவுக்கு உங்க மேல ரொம்ப மரியாதை” என்றான்.

சிவப்பு வரிகள் கணினியில் தொண்ணூறு நாள்தான் இருக்கும். மே மாதத் தொடக்கத்தில் அவை தாமாகவே அழிந்தன. அதற்கும் நான் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்தப் பதினொரு நேரங்களையும் இப்போது மனப்பாடமாகச் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். ஆக, இப்போது எதையும் யாரும் காட்ட முடியாது. இதை உங்களுக்கு எழுதுவது யாரும் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதால் இல்லை. நீங்கள் பழுது என்ன என்று கேட்டீர்கள். கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தாள்களை அழித்தது நான். தெரிந்துதான் அழித்தேன். கதவைத் திறக்காமல் இருந்ததும் நான். அதையும் தெரிந்துதான் செய்தேன்.

இனி அந்த வியாழக்கிழமைகள்.

அவர் போன அடுத்த வாரம், அவருடைய வியாழன் வந்தது. பத்து மணிக்கு நான் திரையைப் பார்த்தேன். வரி எதுவும் விழவில்லை. பத்தரைவரை பார்த்தேன். அன்றுதான் அவர் எனக்குக் கொடுத்த பதினான்கு வியாழக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. யாரிடம் எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று என்னை வளர்த்தார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து வரும் வியாழனிலிருந்து அந்த மூன்று மணி நேரத்தைக் கணினியில் அடைத்தேன். ஹெல்கே என்று எழுத அதில் வழியில்லை. அதனால் பராமரிப்பு என்று எழுதினேன். ஒவ்வொரு முறையும் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் கீழே போய், உலர்த்தும் அறையின் சூட்டைக் கூட்டி, மாங்கெலின் விளக்கைப் போட்டு, கதவுக்கு அடியில் மரத்துண்டு ஒன்றைச் செருகித் திறந்தே வைத்துவிட்டு மேலே வந்துவிடுவேன். ஒரு மணிக்குப் போய் அணைப்பேன். உள்ளே யாரும் போக மாட்டார்கள். பராமரிப்பு என்று போட்டிருக்கும்போது போவது நம் ஊரில் வழக்கமில்லை. யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை.

ஒருமுறை, ஜூலையில், மாங்கெல் மேல் ஒரு விரிப்பு கிடந்தது. குழந்தைகள் படுக்கையில் போடும் சிறியது, மூலைகளைச் சேர்க்கத் தெரியாமல் மடித்தது. லீடியாவுடையதாக இருக்க வேண்டும். யாருக்காக வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. எடுத்து நீவி, ஒழுங்காக மடித்து, அவர்கள் கதவில் தொங்கவிட்டேன்.

இன்றோடு பதினான்கும் முடிந்தது, பெத்ரா. ஒரு மணிக்கு மரத்துண்டை எடுத்துக் கதவைச் சாத்திவிட்டேன். புகார் சொன்னவர்களிடம் அடுத்த வியாழனிலிருந்து அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். ஹெல்கேக்கும் எனக்கும் இடையில் இனி எந்தப் பாக்கியும் இல்லை.